முன் சக்கரத்துக்குப் போன வளையங்கள்

டயர் வெடித்தாலும் வண்டி கவிழாமல் காக்கிற சாமான்களை வாங்கலாமா, அதில் பிரயோஜனம் உண்டா என்று கார் வைத்திருக்கிற யாராவது என் எதிரில் பேச்செடுத்தால் எனக்கு ஆத்திரம் வந்துவிடும். கேட்கிறவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை. அவர் பாவம், சும்மா பேச்சுக்குக் கேட்கிறார். பிரயோஜனம் உண்டு என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதோடு நிறுத்த என்னால் முடிவதில்லை. எந்தச் சக்கரத்துக்கு மாட்டப் போகிறீர்கள், அந்தச் சக்கரத்துக்கு மேலே உட்காரப் போவது யார் என்று கேட்டுவிடுவேன். நான் கேட்கிற தோரணையில் வந்தவர் பாதி டீயோடு எழுந்து போய்விடுவார். போகட்டும்.

யுத்தம் வருவதற்கு முந்தின சில வருஷங்கள் நாங்கள் சக்கரத்தின் மேல்தான் குடித்தனம் செய்தோம். வீடு என்று ஒன்று கோரிப்பாளையத்தில், தர்காவை அடுத்த சந்தில் இருந்தது. மாதத்தில் பாதி நாள் அது பூட்டித்தான் கிடக்கும். என் வீட்டுக்காரர் ஜவுளி வியாபாரி. கடை வைத்து ஓரிடத்தில் உட்கார்ந்து விற்கிற பொறுமை அவருக்குக் கிடையாது. பழைய கார் ஒன்றை வாங்கினார். அதன் பின்னால் கொக்கி போட்டு இழுப்பதற்குப் பலகையும் தகரமும் வைத்து ஒரு பெரிய பெட்டி வண்டி செய்யச் சொன்னார். நாங்கள் அதைக் கூண்டு என்போம். ஒரே அச்சு, இரண்டே சக்கரம், பின்பக்கம் கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல், ஜன்னலுக்குத் திரை. உள்ளே துணிக்கட்டுகள், அடுப்பு, பாய், தண்ணீர்க் குடம், என் தையல் மெஷின். அப்புறம் நானும் என் அக்காவும்.

சந்தை கூடுகிற ஊர்களுக்குப் போவோம். வாடிப்பட்டி, சோழவந்தான், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று ஒரு சுற்று. அவர் மரத்தடியில் துணியை விரிப்பார். வாங்கின துணியை அங்கேயே தைத்து வாங்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் எங்கள் வியாபாரத்தின் சூட்சுமம். காலையில் அளவு கொடுத்தால் சந்தை கலைவதற்குள் சட்டையோ ரவிக்கையோ கைக்கு வந்துவிடும். ஆண்களுக்கு அவர் வெளியே நின்று அளவெடுத்து ஜன்னல் வழியாகச் சொல்லுவார். பெண்கள் கூண்டுக்குள்ளேயே ஏறி வருவார்கள். வெட்டுவதும் தைப்பதும் நான். பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுப்பது, பொத்தான் கட்டுவது, ஓரம் மடிப்பது எல்லாம் அக்கா. சந்தைக்கு வந்த சனம் துணியை எடுத்ததே எங்கள் இரண்டு பேர் கையை நம்பித்தான். இதை அப்போது யாரும் சொல்லவில்லை, அதனால் இப்போது நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். புருஷனைச் சின்ன வயதிலேயே காலராவுக்குக் கொடுத்துவிட்டாள், பிள்ளை இல்லை. எங்களைப் பெற்ற அத்தா வீட்டில் அண்ணிமார் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளை நான்தான் கூட வா என்று கூப்பிட்டுக்கொண்டேன். அவள் எடுத்த காஜா இருக்கிறதே, சட்டை நைந்து கந்தலான பிறகும் காஜா மட்டும் அப்படியே நிற்கும். வலது கை விரல்களில் அவளுக்கு அப்படி ஒரு சுத்தம். அந்த விரல்களால்தான் அவள் யாருக்கும் பாரமில்லாமல் சாப்பிட்டாள், அது அவளுக்கும் தெரியும். தங்கச்சி வீட்டில் ஓசிச் சோறு தின்கிறாள் என்று ஒரு நாக்கும் சொல்லிவிட முடியாது.

அவளுக்கு இருந்த ஒரே பயம் கூண்டின் டயர்கள். தினமும் காலையில் ஏறுவதற்கு முன்னால் குனிந்து இரண்டு டயரையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். வழவழவென்று, ரோட்டைப் பிடிக்கிற பூ ஒன்றும் இல்லாமல், ஓரத்தில் நூல் தெரிகிற டயர்கள். "ஏடி, இதுல என்னடி இருக்கு? உள்ள இருக்குற நூலு வெளிய தெரியுதே. இது ஒருநா என்னத்தையாவது பண்ணப்போகுது. அவர்கிட்டச் சொல்லுடி" என்பாள். நான் சொல்லுவேன். "பாக்கலாம்" என்பார். பார்த்த பாடில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பாக இருக்கும். எங்கள் வீடுகளில் விருந்தென்றால் ஒரு பெரிய தட்டில் சோறு போட்டு, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சஹன் என்று பெயர். முதல் சஹன் ஆண்களுக்கு. கறியில் நல்ல துண்டெல்லாம் அங்கே போகும். அவர்கள் கை கழுவி எழுந்து, வெற்றிலை போட்டு, வெளியே காற்று வாங்கப் போன பிறகு பெண்கள் உட்காருவோம். அடிச்சட்டியில் ஒட்டினது, எலும்பு, ஆறிப்போன சோறு. இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை, எனக்கும் இல்லை. எங்கள் டயர்களுக்கும் அதே சட்டம்தான். புது டயர் முதலில் காருக்கு. கார் ஓடித் தேய்த்து, இனி ஆகாது என்று கழற்றிப் போடுகிறதைத் தூக்கிக் கூண்டுக்கு மாட்டுவது. கூண்டுதானே, சும்மா பின்னால் உருண்டு வருவதுதானே என்பார்கள். இதை என் வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யோசித்தே செய்யவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

காருக்கு மட்டும் எதை மாட்டினாலும் அவருக்குத் திருப்தி வராது. யாரோ சொன்னார்கள் என்று பஞ்சர் மருந்து ஒன்று வாங்கி வந்தார். டப்பாவில் பச்சையாக, புளித்த கஞ்சி வாடையோடு இருக்கும். அதை டியூபுக்குள் விட்டால் முள் குத்தின ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். சித்திரை வெயிலில் அது இளகி, காற்று வால்வு வழியாக ஒழுகி, சக்கரமெல்லாம் பிசுபிசுத்துப் போயிற்று. உசிலம்பட்டிச் சந்தையில் ஈ மொய்த்துப் பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரரே எழுந்து வந்து சண்டை போட்டார். அப்புறம் ஆணி தட்டுகிற சங்கிலி. நம் பக்கத்து ரோடுகளில் மாட்டு லாடத்திலிருந்து விழுகிற ஆணிதான் டயருக்கு முதல் எமன், இரண்டாவது உடைமுள். சக்கரத்தை உரசினாற்போல் ஒரு சின்னச் சங்கிலியைத் தொங்கவிட்டால், குத்தின ஆணி உள்ளே இறங்குவதற்குள் தட்டிவிடும் என்றார்கள். அது ஒரு ஆணியைக்கூடத் தட்டவில்லை. அது போட்ட சலசலப்பில் எதிரே வந்த மாடுகள் மிரண்டு, வண்டிக்காரர்கள் எங்கள் ஏழு தலைமுறையையும் வைததுதான் மிச்சம். இந்த இரண்டு குப்பைக்கும் அவர் தேடின அலைச்சலில் பாதியைக் கூண்டுக்கு ஒரு யோக்கியமான டயர் தேடுவதற்குச் செலவழித்திருக்கலாம்.

மூன்றாவதாக வந்ததுதான் வளையம்.

திருமங்கலம் சந்தைக்கு ஒரு ஏஜண்ட் தன் காரில் வந்திருந்தார். மோட்டார் சாமான் விற்கிறவர், பருத்த ஆள், வெள்ளை டிரில் துணியில் கோட்டு. சந்தை மைதானத்தின் ஓரத்தில் ஒரு பலகையில் ஆணிகளை நட்டுவைத்து, அதன் மேல் தன் காரை ஓட்டினார். கூண்டின் ஜன்னல் திரையை விலக்கி நானும் அக்காவும் பார்த்தோம். முன் டயர் உஸ்ஸென்று இறங்கியது. அவர் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினார். கார் ஆடவில்லை, சாயவில்லை, கோடு கிழித்த மாதிரி நேராகப் போய் நின்றது. கூட்டம் கை தட்டியது.

பிறகு அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றி வைத்து விளக்கினார். சக்கரத்தின் இரும்பு விளிம்புக்கு நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. டயரைக் கழற்றி மாட்டுவதற்காக வைத்த பள்ளம். காற்று போனால் டயரின் ஓரம் அந்தப் பள்ளத்தில் இறங்கிவிடும். இறங்கினால் டயர் கழன்று வெளியே வந்துவிடும், அப்புறம் வெறும் இரும்பு ரோட்டில் ஓடும், வண்டி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். இந்த இரும்பு வளையத்தைப் பூட்டினால் பள்ளம் அடைபட்டுவிடும். டயர் வெடித்தாலும் இடத்தை விட்டு நகராது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது.

என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்று வளையத்தைத் தடவிப் பார்த்தார். ஏஜண்ட் எங்கள் கூண்டை ஒரு பார்வை பார்த்தார்.

"பாய், பின்னாடி இழுத்துக்கிட்டு வாரீகளே, அந்தப் பெட்டிக்குத்தான் இத மொதல்ல மாட்டணும். காருல வெடிச்சா ஸ்டீயரிங்கப் பிடிச்சு, பிரேக்கப் போட்டு எப்படியாச்சும் நிப்பாட்டிரலாம். அதுல என்ன இருக்கு? வெடிச்சது உங்களுக்குத் தெரியறதுக்குள்ள அது பாட்டுக்கு ஆடிச் சாஞ்சிரும்" என்றார்.

"அது சும்மா பெட்டிதானங்க. நாலு மூட்டையும் ரெண்டு பொம்பளைகளும். அம்புட்டுத்தான்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். ஏஜண்ட் சிரிக்கவில்லை. அந்த ஆளை நான் அப்புறம் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன், ஆனால் அந்தச் சந்தையில் எங்களையும் மனுஷராக எண்ணினது அவர் ஒருவர்தான்.

ஏஜண்டிடம் அன்றைக்குக் கைவசம் ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். அடுத்தது கப்பலில் வரவேண்டும், எப்போது என்று தெரியாது என்றார். எங்கள் கடையில் தொங்கின கோட்டைப் பார்த்துவிட்டு, தனக்கு மூன்று கோட்டும் கால்சட்டையும் வேண்டும், பத்து நாளில் மதுரைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னார். நான் என் வீட்டுக்காரரை ஜன்னலண்டை கூப்பிட்டு, தையலுக்குக் கூலி வேண்டாம், அந்த ஜோடி வளையத்தைக் கேளுங்கள் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நானாக வாய் திறந்து கேட்ட பொருள் அதுதான். அவருக்கே வேடிக்கையாக இருந்தது. கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, "இந்தா, இது உன் பொருளு. என்னமும் செஞ்சுக்க" என்றார்.

கோரிப்பாளையத்து வீட்டில் ஒன்பது நாள் உட்கார்ந்து தைத்தோம். பருத்த ஆளுக்கு இரட்டைப் பொத்தான் வரிசை வைத்த கோட்டு. டிரில் முரட்டுத் துணி, ஊசி இறங்காது. மூன்று கோட்டின் காஜாவும் அக்காதான் எடுத்தாள். கட்டை விரல் வீங்கிப்போய், துணியைச் சுற்றிக்கொண்டு எடுத்தாள். ஆக அந்த வளையத்தில் பாதி அவளுடையது, பாதிக்கு மேல் என்றே சொல்லலாம். கடைசிக் கோட்டை மடித்து வைத்தபோது, "கூண்டுக்குத்தானடி மாட்டப்போற?" என்று கேட்டாள். "பின்ன எதுக்காம்? உனக்காகத்தானக்கா கேட்டு வாங்குனேன்" என்றேன். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அடுத்த வாடிப்பட்டிச் சந்தைக்குப் போகிற வழியில் சமயநல்லூரில் வண்டியை நிறுத்தினோம். அங்கே ரோட்டோரத்தில், வேப்பமரத்தடியில் ஒருவர் டயர் வேலை செய்துகொண்டிருந்தார். மரத்தைச் சுற்றி ஆட்கள். இரண்டு பாரவண்டிக்காரர்கள், வயல் வேலையிலிருந்து வந்த பக்கத்து ஊர்ச் சம்சாரி ஒருவர், டீ குடித்துக்கொண்டு சும்மா நின்ற நாலைந்து பேர். நாங்கள் கூண்டுக்குள்ளே, திரைக்குப் பின்னால். வெளி ஆண்கள் இருக்கிற இடத்தில் பெண்ணின் குரல் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லி வளர்த்தவர்கள் நிறையப் பேர். அதைச் சந்தையில் பாதி விட்டிருந்தேன், பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

டயர்க்காரர் வளையங்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டுதான் இருக்கா பாய்? எதுல மாட்ட?"

என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லாரும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னார்: "என்னைக் கேட்டா? இது வீட்டம்மா சம்பாதிச்ச பொருளுல்ல. அவுககிட்டக் கேளுங்க. நான் முன்னாடி உக்காந்து ஓட்டிக்கிட்டுப் போறவன், எனக்கு எதுக்கு?" மரத்தடி முழுக்கச் சிரித்தது. ஒரு பாரவண்டிக்காரர், "அண்ணே, இன்னைக்கு உங்க தலையெழுத்து திரைக்குப் பின்னாடில்ல இருக்கு" என்றார். மறுபடியும் சிரிப்பு.

சிரிப்பு அடங்கியது. எல்லாரும் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். கூண்டுக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஐந்தே எழுத்து. பொருள் என்னுடையது, கேட்கிறவர் என்னைத்தான் கேட்கிறார், தடுப்பாரும் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? புருஷன் உயிரை விட்டுவிட்டுத் தன் உயிருக்கு வேலி போட்டுக்கொண்டாள் என்று இந்த ஆண்கள் நினைப்பார்களே என்று தோன்றியது. அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஆட்கள், சமயநல்லூரில் டீ குடிக்க வந்தவர்கள்.

"அவுக வண்டிக்கே மாட்டச் சொல்லுங்க" என்றேன். அதையும் எப்படிச் சொன்னேன்? பக்கத்தில் இருக்கிறவளுக்கே கேட்டும் கேட்காததுமான குரலில், நல்ல பெண்கள் சொல்கிற மாதிரி.

"பாத்துக்கங்கய்யா, இப்படில்ல ஒரு பொம்பள அமையணும்" என்று சம்சாரி சொன்னார். டயர்க்காரர் ஆமாம் போட்டார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்ததைத் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, குளிரத்தான் செய்தது. ஒரு வாரம் அந்தப் பாராட்டை அசைபோட்டுக்கொண்டே திரிந்தேன்.

அக்கா எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கூப்பிட்டுச் சொல்லி மாற்றியிருப்பேனோ என்னவோ. மாற்றியிருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வெளியே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காரின் முன் சக்கரம் இரண்டிலும் வளையம் ஏறியது.

அடுத்த வாரம் அதே ரோடு, அதே சந்தை. காலை நேரம், வெயில் ஏறவில்லை. சமயநல்லூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். இரண்டு பக்கமும் புளியமரம், மரத்துக்கு அப்பால் நாற்று நட்ட வயல். நான் வலது பக்கம் மெஷினுக்குப் பின்னால். மெஷினைத் தரையோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். அக்கா இடது பக்கம், சக்கரத்துக்கு நேர் மேலே, துணிக்கட்டில் சாய்ந்துகொண்டு ஒரு சின்னப் பிள்ளைச் சட்டைக்குப் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

கூண்டின் இடது டயர் வெடித்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை. அதற்குப் பிறகு கேட்டதுதான் சத்தம். இரும்பு சரளைக் கல்லில் அறைந்துகொண்டு போகிற சத்தம். கூண்டு இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு. ஏஜண்ட் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் நடந்தது. காரில் இருந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை, கார் இழுத்துக்கொண்டே போகிறது. மூன்றாவது ஆட்டில் கூண்டு இடது பக்கமாகச் சாய்ந்து புளியமரத்தில் மோதி ரோட்டுச் சரிவில் படுத்தது. கயிறு அறுந்து மெஷின் என்னைத் தாண்டிப் போனது. போய் அக்காவின் வலது கையின் மேல் விழுந்தது. நான் துணிக்கட்டுகளின் மேல் விழுந்தேன். எனக்கு ஒரு சிராய்ப்பு.

மோதினதில் பிளந்த முன் பலகையின் இடுக்கு வழியாக எனக்கு ரோடு தெரிந்தது. என் வீட்டுக்காரர் காரிலிருந்து குதித்து இறங்கினார். இறங்கி நேராக எங்கே போனார்? காரின் முன் சக்கரத்துக்கு. குனிந்து பார்த்தார், காலால் உதைத்துப் பார்த்தார், மற்றச் சக்கரத்துக்கும் போனார். இரண்டும் கல்லு மாதிரி நின்றன. "ஒண்ணும் ஆகலயே" என்று வாய்விட்டுச் சொன்னார். அதற்கு அப்புறம்தான் பின்னால் திரும்பிப் பார்த்தார். பதற்றத்தில் செய்தது என்று பிற்பாடு ஆயிரம் தடவை சொன்னார். இருக்கலாம். பதற்றத்தில் கால் எங்கே போகிறதோ அதுதான் மனுஷனின் மனசு என்று நான் பதில் சொன்னேன். அதை இன்றைக்கும் மாற்றிக்கொள்வதாக இல்லை.

வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் சேற்றுக் காலோடு ஓடி வந்து கூண்டைத் தூக்கிப் பிடித்தார்கள். நாலு ஆண்கள் சேர்ந்து மெஷினை நகர்த்தினார்கள். ஒரு நடவுக்காரப் பெண் தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கையைச் சுற்றினாள். அக்கா அழவில்லை. "பொத்தான் எங்கடி? அந்தப் புள்ளச் சட்டைப் பொத்தான்" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக் கிடத்தினார்கள். எலும்பு கூடிவிடும், விரல் மடங்கினால் மடங்கினதுதான், இனி விரியாது என்று டாக்டர் சொன்னார். ஊசி பிடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் வேறு கட்டிலைப் பார்க்கப் போய்விட்டார்.

உறவுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எல்லாம் நஸீபு என்றார்கள். நஸீபாம். ஆண்டவன் விதித்ததாம். நூல் தெரிகிற டயரைக் கூண்டுக்கும் வளையத்தைக் காருக்கும் மாட்டச் சொல்லி ஆண்டவனா வந்து சொன்னான்? நான் சொன்னேன், அவர் சொன்னார், எங்களை வளர்த்தவர்கள் சொன்னார்கள். மல்லாந்து கிடக்கிறவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஆரஞ்சுச் சுளை உரித்துத் தின்றபடியே நஸீபு நஸீபு என்கிறார்கள். என் வீட்டுக்காரர் வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதது நிஜம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருகிறவர்களிடமெல்லாம், "நான் கேட்டேன். எதுல மாட்டன்னு அவகிட்டத்தான் கேட்டேன். அவதான் காருக்குன்னு சொன்னா" என்று ஒப்பித்தார். அதுவும் நிஜம்தான். அந்த நிஜத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவரைப் பார்த்துக் கத்த வாய் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் சனம் எல்லாம் போன பிறகு, அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவள் கேட்கட்டும், என்னை வைது தீர்க்கட்டும் என்றுதான் நாலு நாளாகக் காத்திருந்தேன்.

"விடுடி. மூஞ்சிய ஏன் அப்பிடி வச்சிருக்க? அந்த எடத்துல நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

எனக்குள் என்னவோ அறுந்தது. எழுந்து நின்று கத்தினேன். "நீ எதுக்குச் சொல்லணும்? நீ எதுக்குக்கா அப்பிடிச் சொல்லணும்? விரலு வீங்க வீங்கக் காஜா எடுத்தது நீ. தெனமும் டயர அமுக்கி அமுக்கிப் பாத்தது நீ. கூண்டுக்குத்தான்னு உன்கிட்டச் சொல்லிட்டு அங்க போயி மாத்திச் சொன்னேனே, என்னைச் செருப்பக் கழட்டி அடி! நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்னு சொல்லாத! அந்த மனுசன் டயரப் பாக்கப் போனாரு, உன்னைப் பாக்க வரல. அதுக்கும் நீ சரின்னு சொல்லுவியா? சொல்லுவ, நீ சொல்லுவ!"

என் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று எனக்கே தெரியாது. வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்துவிட்டது. நர்சம்மா ஓடி வந்தாள். வராந்தாவிலிருந்து என் வீட்டுக்காரர் வாசல்படி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டார். வெளியே மரத்தடியில் இருந்த ஆண்கள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். கையொடிந்து கிடக்கிறவளைப் பார்த்து, கத்தவே கூடாத ஒருத்தியைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினேன். மூச்சு முட்டின பிறகுதான் நிறுத்தினேன்.

அக்கா நான் நிறுத்துகிற வரைக்கும் பொறுமையாக இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இம்புட்டுச் சத்தம் இருக்காடி உங்கிட்ட? இதுல கால்வாசிய அன்னைக்குச் சமயநல்லூர்ல போட்டிருக்கலாம்ல?"